எந்த மருந்து மெய்

சிங்கப்பூரின் ஈசூன் பேருந்து முனையத்தில் பாக்கியலட்சுமியைத் தெரியாத ஓட்டுநர் கிடையாது. கணவர் இறந்த பிறகு பள்ளி உணவகத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவர், நாற்பதைத் தாண்டி உரிமம் எடுத்து மாடிப் பேருந்தை ஓட்டத் தொடங்கினார். எந்தத் திருப்பத்திலும் கை நடுங்கியதில்லை. அப்படிப்பட்டவரை அவர் மகன் ஜெய் ஒரு ஞாயிற்றுக்கிழமை தடுமாற வைத்துவிட்டான்.

ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறி சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஜெய் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தான்.

"என்னடா, கட்டி கிட்டி வந்திருக்கா?"

"ஊசி போட்டாங்கம்மா. உட்கார்ந்தா வலிக்குது."

"எதுக்கு ஊசி?"

ஜெய் சோறு பிசைவதை நிறுத்தினான். "எச்ஐவி வராம தடுக்க ஒரு ஆராய்ச்சி நடக்குது. அதுல சேர்ந்திருக்கேன்."

"ஐயோ, உனக்கு அந்த நோயா?"

"இல்லம்மா. வராம இருக்கத்தான்."

"வராத நோய்க்கு என்னத்துக்கு மருந்து? உனக்கு ஏன் அது வரணும்?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "எனக்கு ஆம்பளைங்களைத்தான்மா பிடிக்கும். எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூட. அதான் சேர்ந்தேன்."

பாக்கியம் கறிச் சட்டியை அவன் பக்கம் தள்ளினார். "மீன் ஆறுது, சாப்புடு" என்றார்.

டோபி காட் நிலையத்தில் ரயில் மாறும்போதுதான் மறுபடி வாய் திறந்தார். பெரிய விஷயத்தைக் கேட்க வார்த்தை கிடைக்காததால் சின்னதைக் கேட்டார்.

"ஊசி மட்டுந்தானா?"

"தினமும் மாத்திரையும் உண்டு. ரெண்டுல ஒண்ணுதான் மருந்து. இன்னொண்ணு போலி."

"எது போலி?"

"எனக்குத் தெரியாது."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாதுலா! தெரிஞ்சா ஆராய்ச்சி கெட்டுடும்."

நோயில்லாத பிள்ளை. மருந்தா இல்லையா என்று தெரியாத மருந்து. அதைக் கொடுக்கிற டாக்டருக்கே தெரியாதாம். இதில் எதைப் பிடித்துக்கொள்வது? அந்த வாரம் அவர் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டுப் பேருந்தை நேராக ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னாலிருந்து பயணிகள் கூச்சல் போட்ட பிறகுதான் நினைவு வந்தது.

மகன் மேல் கோபமா, பயமா என்று அவருக்கே புரியவில்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டுப் போன ரஞ்சன் வெறும் நண்பனா என்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

மறு ஆண்டு ஜெய் சிரித்த முகத்தோடு வந்தான். "ஆராய்ச்சியை முன்கூட்டியே நிறுத்திட்டாங்கம்மா. ரெண்டுமே தடுக்குது, ஆனா ஊசி இன்னும் நல்லா தடுக்குதாம்."

"உனக்குப் போட்டது நல்ல ஊசிதானே?"

"இல்ல. எனக்கு மாத்திரைதான் மருந்து. ஊசி போலி."

பாக்கியத்துக்கு ஆத்திரம் வந்தது. "அப்போ அவ்வளவு நாளும் உன்னைச் சும்மாவா குத்தினாங்க?"

"சும்மா இல்லம்மா. பாதிப் பேர் நிஜ ஊசியும் பாதிப் பேர் என்னை மாதிரி போலியும் போட்டுக்கிட்டதாலதான் வித்தியாசமே தெரிஞ்சுது. இனிமே எனக்கும் நிஜ ஊசி."

பாதி புரிந்தது. மீதியைப் புரிந்துகொள்ள ஊசி போடும் மருத்துவமனைக்கு அவரும் கூடப் போனார். ஊசி போட்ட தாதியிடம், "இவன் நோயாளி இல்லதானே?" என்று கேட்டார்.

"இல்லம்மா. நல்ல ஆரோக்கியமா இருக்காரு."

அந்த ஒரு வரி அவருக்குப் போதுமானதாக இருந்தது. மற்றதெல்லாம் இன்னமும் குழம்பித்தான் கிடந்தது.

வெளியே வந்ததும், "ரஞ்சனும் நீயும்..." என்று தொடங்கி நிறுத்தினார். ஜெய் ஆமாம் என்று தலையாட்டினான்.

அடுத்த ஞாயிறு ரஞ்சன் வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்தவருக்கு அவனை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. முன்பெல்லாம் 'வாப்பா' என்பார். இப்போது மருமகனை அழைப்பது மாதிரி "வாங்க" என்று வந்துவிட்டது. ரஞ்சன் திகைத்து நின்றான். அவரும் திகைத்தார்.

பிறகு, "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா, நின்னுட்டே இருந்தா எப்படி?" என்றார்.