துளசி காயட்டும்

கோச்சடையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னால், நாலு கட்டில் போடும் அளவுக்கு வெறும் மண் கிடந்தது. தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே பூச்செடி வளர்க்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் நர்சரியில் காசு கொடுத்துச் செடி வாங்க மனசு வரவில்லை. கஞ்சத்தனம் என்பார் என் கணவர். சொல்லட்டும். பூத்த பிறகு மனுஷன் ரசிக்காமலா இருந்தார்?

ஆயுத பூஜை முடிந்த வாரம் மதுரையில் விதையெல்லாம் இலவசம். லேத் பட்டறை, ஆட்டோ, சைக்கிள் கடை என்று எங்கே பார்த்தாலும் கேந்தியும் கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் மாலையாகத் தொங்கிக் காய்ந்துகொண்டிருக்கும். நான் பையோடு போய்க் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

"காஞ்ச மாலைய எதுக்குக்கா தூக்கிட்டுப் போறீக?" என்றார் பட்டறைக்காரர்.

"வேண்டுதல்ண்ணே" என்றேன். அதற்குமேல் யார் கேள்வி கேட்பார்கள்?

மாலையை உதிர்த்துப் போட்டு, மேலே கொஞ்சம் மண்ணைத் தூவினால் என் வேலை முடிந்தது. மீதியை ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது. பக்கத்துத் தெருவில் கேட்டு வாங்கிய அந்திமந்தாரை விதையும் கனகாம்பரக் காயும் சேர்ந்துகொண்டன. காய்ந்த கனகாம்பரக் காயில் தண்ணீர் பட்டால் போதும், பட்பட்டென்று வெடித்து விதை நாலாபக்கமும் தெறிக்கும். அடுத்த வருஷம் நான் எதையுமே விதைக்கவில்லை. செடிகள் தாமே உதிர்த்துத் தாமே முளைத்தன. என்னைப்போல் சோம்பேறிக்கு வேறென்ன வேண்டும்? ஒரே குறை, கனகாம்பரம் மட்டும் காலையில் பார்த்தால் பாதிச் செடி பூவில்லாமல் மொட்டையாக இருக்கும். தெருவில் திரிகிற ஆட்டின் மேல் பழி போட்டிருந்தேன்.

மாடியில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் தல்லாகுளத்தில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சௌராஷ்டிரர்கள். தங்களுக்குள் அவர்கள் பாஷையில்தான் பேசிக்கொள்வார்கள், சண்டையா சமையலா என்று எனக்குப் பிடிபடாது. ஒருநாள் இருவரும் இறங்கி வந்தார்கள்.

"ஏம்மா, பழைய கார் ஒண்ணு வாங்கியிருக்கேன். தை பொறந்ததும் இங்க சிமெண்ட் தளம் போட்டு நிறுத்தப் போறேன். இந்தக் காட்டையெல்லாம் பிடுங்கிரும்மா" என்றார் அவர். அந்தம்மா பின்னால் நின்று தலையாட்டினார்.

இடம் அவருடையது. உள்ளே போய் அழுதேன்.

அழுது முடித்ததும் மூளை வேலை செய்தது. தினமும் பெருமாள் கோவிலுக்குப் போய், துளசியைக் காதில் செருகிக்கொண்டு வருகிறவர் அவர். கோவில் வாசலில் மாலை கட்டுகிற அக்காவிடம் முற்றிய துளசிக் கதிர் ஒரு பிடி கேட்டு வாங்கிவந்து, காம்பவுண்டுச் சுவர் ஓரமாகத் தூவிவிட்டேன்.

தையில் கொத்தனார் மண்வெட்டியோடு வந்தார். சுவர் ஓரம் மட்டுமா, நட்டநடுவில், பால்கனிக்கு நேர்கீழே, நான் கையே வைக்காத இடத்தில்கூடத் துளசி தளதளவென்று நின்றது. காற்றும் எறும்பும் என் கட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "பச்சைத் துளசியப் பிடுங்குறதாவது! காயட்டும். காஞ்சப்புறம் தளம் போட்டுக்கலாம்" என்று கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பாவம், அவருக்குத் துளசியைக் கும்பிடத் தெரியுமே தவிர வளர்த்துப் பழக்கமில்லை. ஒரு செடி காய்வதற்குள் அதன் காலடியில் பத்து முளைத்துவிடும். வருஷம் இரண்டு ஓடியது. கார் தெருவில் வேப்பமரத்தடியில் நின்று, காக்கா எச்சத்தில் வெள்ளையடித்துக்கொண்டது.

"ஏம்மா, துளசி காஞ்சிருச்சா?" என்று மாடியிலிருந்து அடிக்கடி கேட்பார்.

"இன்னும் இல்ல சார்" என்பேன், பால் வடியும் முகத்தோடு.

ஒருநாள் காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். மேலே ஏதோ சரசரத்தது. அண்ணாந்து பார்த்தால் பால்கனியில் அந்தம்மா. காய்ந்த துளசிக் கதிர்களை உள்ளங்கையில் கசக்கிக் கசக்கிக் கீழே தூவிக்கொண்டிருந்தார். தலையில் என் கனகாம்பரம், அப்போதுதான் தொடுத்து வைத்தது.

என்னைப் பார்த்ததும் கை நின்றது. ஒரு கணம்தான். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என்னத்தப் பாக்குற? நீ போட்டது ஒரு பிடி. அது எம்புட்டு நாளைக்கு வரும்? காரு உள்ள வந்தா எனக்குப் பூ ஏது?"

என் சாமர்த்தியம் என்று இரண்டு வருஷமாகத் தலைகால் புரியாமல் திரிந்தேனே! வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அநியாயமாக ஆட்டைத் திட்டியதும் ஞாபகம் வந்தது. அந்த அம்மாளை அப்படியே கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

உள்ளேயிருந்து வீட்டுக்காரரின் இருமல் கேட்டது. அந்தம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, துளசி காஞ்சிருச்சா?"

"இன்னும் இல்ல" என்றோம், மேலேயிருந்து அந்தம்மாவும் கீழேயிருந்து நானும்.