சரோஜா அக்கா குடிக்காத தண்ணீர்

இன்று வட்டகொடை பஸ்ஸில் சரோஜா அக்காவைப் பார்த்தேன். தேயிலைக் கொழுந்து எடுக்கும் மலையில் பெண்களுக்கு ஒரு மலசலகூடம் வேண்டுமென்று மூன்று வருடம் கடிதம் கடிதமாக எழுதினோமே, அதில் முதல் கையெழுத்துப் போட்டவர்.

சிறுநீரகக் கிளினிக்குக்குப் போய்விட்டு வருகிறாராம். முகம் வாடியிருந்தது.

“நெறைய தண்ணி குடிக்கச் சொல்லுறாரு டாக்டர்” என்றார். என் போத்தலை நீட்டினேன். வாங்கவில்லை.

“வேணாம் மிஸ். எறங்குன கையோட மலைக்குப் போகணும். அரைநாள் வேலையாச்சும் கெடைக்கும். மலைக்குப் போற நாள்ல நாங்க தண்ணி குடிக்கிறதில்லைங்க.”

“அதான் டொய்லட் கட்டியாச்சே அக்கா?”

“கட்டுனாங்க. பூட்டித்தான் கெடக்கு. வெளியிலருந்து யாராச்சும் பாக்க வந்தா தொறப்பாங்க. சாவி கீழ ஆபீஸ்ல. எறங்கிப்போய் வாங்கிட்டு ஏறி வர்றதுக்குள்ள கொழுந்த எடை போட்டு முடிச்சிருவாங்க, சம்பளம் போயிரும்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

கோபமே இல்லாமல்தான் சொன்னார்: “ரிப்பன் வெட்டுனப்ப நீங்களும் போட்டோவுல நின்னீங்களே மிஸ். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

அவர் இறங்கும்போதும் போத்தல் நிறைந்தபடியே என் மடியில் இருந்தது.

அந்தப் போட்டோ என்னுடைய இந்த ஃபேஸ்புக் பக்கத்தில்தான் இருக்கிறது. மேலே ‘வென்றுவிட்டோம்’ என்று எழுதியிருக்கிறேன். கீழே உங்கள் வாழ்த்துகள், ஏகப்பட்ட இதயங்கள்.

வாழ்த்தியவர்களில் யாராவது அதற்குப் பிறகு ஒரு தடவையாவது அந்த மலை ஏறினீர்களா? சும்மா கேட்கிறேன். நான் ஏறவில்லை.