இளநீலப் பட்டும் இரண்டு பிளேட்டும்

ராசிபுரத்தில் போட்டோ பிடிக்கிற கந்தவேலுக்கு மனிதர்களைவிடப் பிணங்கள்மேல்தான் பிரியம் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பேசுகிற வாய்க்கு என்ன, பேசிவிட்டுப் போகும். ஆனால் அதில் பாதி நிஜம்.

அம்மாபேட்டைத் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, தறியை விட்டுவிட்டுக் கேமிராவைத் தூக்கியவன் அவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அவனிடம் வந்தவர்களும் பெரும்பாலும் பட்டு நெய்கிற சனம்தான். முகமும் தெரிய வேண்டும், தாங்கள் நெய்த சரிகைக் கரையும் தெரிய வேண்டும் என்பார்கள். எங்கே தெரிகிறது! அந்தக் காலத்தில் பிலிமுக்குப் பதிலாக இருந்த, மருந்து பூசிய கண்ணாடிப் பிளேட்டுக்கு மஞ்சள் பூசிய முகம் கரி. இளநீலப் பட்டோ வெள்ளை வெளேர். முகத்துக்காக லென்ஸ் மூடியைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் புடவை சுண்ணாம்பாக வெளுத்துவிடும். புடவைக்காகச் சட்டென்று மூடினால் முகம் இருண்டுவிடும்.

கந்தவேல் இரண்டு பிளேட்டு எடுப்பான். முகத்துக்கு ஒன்று, துணிக்கு ஒன்று. பிறகு ஒன்றில் துணியையும் மற்றதில் முகத்தையும் மறைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தாளில் வெயிலில் வைத்துப் பதிப்பான். ஆனால் பிளேட்டு மாற்றி முடிகிற வரை ஆள் இம்மி அசையக் கூடாது. உயிருள்ள எவனால் முடியும்? ஆகவே குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார்த்திய பிணங்களுக்குத்தான் அந்த வித்தை பலித்தது. உயிரோடு இருக்கிற ஒரு முகத்தை அப்படிப் பிடித்துவிட வேண்டும் என்பது அவனுக்குப் பைத்தியமாகவே ஆகிவிட்டது.

அதற்கு அவன் பெண்சாதி தெய்வநாயகியை உட்கார வைத்தான். அவள் அப்பன் நெய்து கொடுத்த இளநீலப் பட்டு, வெள்ளிச் சரிகைக் கரை. அதற்கென்றே சேலத்தில் பெரிய அளவுப் பிளேட்டு நாலு வாங்கி வந்திருந்தான். முதல் பிளேட்டுக்குச் சிலையாகத்தான் உட்கார்ந்திருந்தாள் புண்ணியவதி. கருப்புத் துணிக்குள் தலையை விட்டு அவன் தடுமாறுவதைப் பார்த்ததும் குபீரென்று வந்துவிட்டது சிரிப்பு. இரண்டாவது பிளேட்டு முழுக்க அவள் சிரிப்புத்தான்.

"ஏனுங்க, சிரிச்சுப்புட்டனுங்க!"

"பொணங்கூட நாஞ் சொன்னபடி அசையாம உக்காருது. உனக்கென்னடி கேடு?" என்று எரிந்து விழுந்தான்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கோபத்தில் ஒரு தாளில்கூடப் பதித்துப் பார்க்காமல், இரண்டையும் சோடா உப்பு வெந்நீரில் போட்டு, உருவம் படிந்த மருந்தைச் சுரண்டிக் கழுவினான். சட்டம் போடுகிற கண்ணாடிகளோடு அடுக்கி வைத்தான். கெட்டுப்போன பிளேட்டை அப்படித்தான் செய்வது வழக்கம்.

அந்த ஐப்பசியில் விஷக் காய்ச்சல் வந்து தெய்வநாயகி போய்ச் சேர்ந்தாள். பெண்கள் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, அதே இளநீலப் பட்டைக் கட்டி, வாசலில் நாற்காலியில் உட்கார்த்தினார்கள். மிச்சமிருந்த இரண்டு பெரிய பிளேட்டையும் கந்தவேல் எடுத்து வந்தான். அவள் அசையவில்லை. சொன்னபடி உட்கார்ந்திருந்தாள். பாவி, இந்த ஒரு தடவை அசைந்து தொலையக் கூடாதா என்று அவன் வாய்விட்டே சொல்லி அழுதான்.

படம் அப்படியே பொருந்திற்று. இமை மயிர் தெரிந்தது, கன்னத்து மரு தெரிந்தது, சரிகையில் ஒவ்வொரு இழையும் தெரிந்தது.

"உசுரோட உக்காந்திருக்கற மாதிரியே இருக்குதுங்க தம்பி" என்றாள் பக்கத்து வீட்டுப் பாப்பாயி.

படத்தைச் சட்டத்தில் வைத்து ஆணி அடித்து மாட்டினான். மாட்டிய பிறகுதான் நினைவு வந்தது. அந்த அளவுக் கண்ணாடி அடுக்கில் இருந்ததே அவன் கழுவி வைத்த இரண்டுதான். ஒன்றில் அவள் சிலையாக உட்கார்ந்திருந்தாள், மற்றதில் சிரித்தாள். சட்டத்தைக் கழற்றி, படத்தை மூடியிருக்கும் கண்ணாடி எது என்று வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுத்தமாகக் கழுவியிருந்தான்.