ஜோதி கொடுத்த பாதி மாத்திரை

கும்மிடிப்பூண்டியில் ஸ்பாஞ்ச் மெத்தை கம்பெனியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர் கிரேஸ். மெத்தைக்கு ஊற்றும் கெமிக்கல் நெடியில் பிடித்த இளைப்புதான் கடைசியில் அவரை வீட்டில் உட்கார வைத்தது. ஆனாலும் அந்த வருஷங்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு குளிர்ந்துபோகும். லைனில் அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். ஒருத்தி மீன்குழம்பு கொண்டுவந்தால் பன்னிரண்டு பேர் கையும் மணக்கும். எவள் தலைவலி என்று முனகினாலும் இன்னொருத்தி பையிலிருந்து மாத்திரை வந்துவிடும். எந்த டாக்டர் யாருக்கு எழுதியது என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

கிரேஸ் நின்ற மறுவருஷமே கம்பெனியை மூடினார்கள். ஆளுக்கொரு திசையாகப் போனதில் மிஞ்சியவர் ஜோதிலட்சுமி மட்டும்தான். மாதம் ஒரு தடவை இருவரும் புதுவாயல் டீக்கடையில் பழைய கதை பேசுவார்கள்.

போன தை மாதம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது கிரேஸுக்கு நெஞ்சு படபடத்தது. காலையிலிருந்து இளைப்புக்கு இழுக்கும் நீல பம்ப்பை, அதாவது இன்ஹேலரை, ஏழெட்டு தடவை இழுத்ததன் வேலை அது.

“எனக்கும் இப்டித்தான்டி அடிச்சிக்கும். இத்த போட்டா கப்புனு நின்னுடும்,” என்று ஜோதி தன் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்தார். கிரேஸ் யோசிக்காமல் விழுங்கினார்.

ஒரு மணி நேரத்தில் மூச்சு அடைத்தது. பம்ப்பை எத்தனை தடவை இழுத்தும் பலனில்லை. ஜோதிதான் அலறியடித்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

பிழைத்தபின் டாக்டரம்மா விளக்கினார். “மூச்சுக்குழாய்த் தசையில ஏற்பின்னு இருக்கும்மா, பூட்டு மாதிரி. நீல மருந்துதான் சாவி; நுழைஞ்சா குழாய் விரியும். இந்தப் படபடப்பு மாத்திரை முன்னாடியே பூட்டுல போய் உக்காந்துக்கிச்சு. சாவி எப்படி நுழையும்?” நீலத்தையே ஓயாமல் இழுத்தால் அந்தப் பூட்டும் மந்தமாகிவிடுமாம். உள்வீக்கம் வற்ற, தினமும் இழுக்க வேறொரு பம்ப் எழுதிக்கொடுத்தார்.

பக்கத்தில் நின்று இதைக் கேட்ட ஜோதி அன்றைக்குப் போனவர்தான். இரண்டு மாதமாக போனையே எடுக்கவில்லை. கிரேஸுக்கு மூச்சு சீரானது, மனசுதான் ஆறவில்லை. லைனில் கூட நின்ற ரமீஸா சூப்பர்வைசர் முதுகில் ஸ்பாஞ்சை ஒட்டிவிட்ட கதையை இனி யாரிடம் சொல்லிச் சிரிப்பது? மகளிடம் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டே ‘ம்’ போடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு மீஞ்சூருக்கு ரயிலேறினார். ஜோதியின் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்த ஜோதி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“உன்ன கொல்லப் பாத்தேனேடி.”

“அதுல பொழச்சிக்கினேன். நீ போன் எடுக்கல பாரு, அதுலதான் செத்தேன்.”

ஜோதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மூணு மாடி ஏறி வந்துகீறியே, மூச்சு வாங்கலியா?”

“வாங்குது. அதுக்கோசரம் உன்ன வுட்டுடுவேனா?”