சந்தில் திறக்கும் கதவு

எங்கள் சந்தில் அவளுக்கு ரோஷக்காரி என்று பெயர். வைத்தவர் வேறு யாருமில்லை, அவள் புருஷன் கொத்தனார்தான். அவருக்குச் சித்தாளும் அவளே. கலவை போடுவாள், செங்கல் எடுத்துக் கொடுப்பாள், வரிசை கோணினால் மானத்தையும் வாங்குவாள்.

எங்கள் பள்ளிவாசலுக்கு எழுநூறு வயதுக்கு மேல் இருக்கும். முன்மண்டபமும் மினாராவும் பிற்காலத்தில் சேர்த்தவை. உள்ளே குட்டையான கல்தூண்கள், கற்பலகைக் கூரை, தொழும் திசைச் சுவரில் பூவேலை செய்த மிஹ்ராப் மாடம். பின்பக்கம் ஒரு மேல்தளம், அதன் முகப்பில் பள்ளிக்குள் பார்க்கும்படி கல்லிலேயே குடைந்த ஜன்னல். மேலே போக எங்கள் சந்தில் ஒரு சின்னக் கதவு, குனிந்துதான் நுழைய வேண்டும். பெண்கள் அங்கேதான் தொழுகிறோம். என் தையல் மிஷினை விட்டு எழுந்தால் நாலு எட்டு.

அந்தக் கதவைச் சுவர் வைத்து அடைத்து, உள்பக்கமாக வழி திறந்து, மேல்தளத்தில் நாற்காலிகளைப் போட்டு வைக்கப் போவதாகப் பள்ளிச் செயலாளர் வந்து சொன்னார்.

"அது ராஜா உக்காந்த இடம்மா. பொம்பளைங்களுக்குன்னு கட்டுனதில்ல."

"ராஜா இந்தச் சந்துலயா குனிஞ்சு வந்தாரு?" என்றாள் ரோஷக்காரி.

செயலாளர் வேலையைக் கொத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பள்ளியில் எந்தப் பழுதென்றாலும் பார்ப்பவர் கொத்தனார். மேல்தளத்து உத்தரங்களும் சந்துக் கதவின் நிலையும் ஆதிச் சுவருக்குள்ளேயே இறங்கியிருக்கின்றன, பள்ளியோடு சேர்த்துக் கட்டியதுதான் என்று எங்களிடம் சொன்னவரும் அவர்தான்.

"தெரிஞ்சும் கரணையத் தூக்குறீங்களே, வெக்கமா இல்ல?"

"நான் மாட்டேன்னா வேற ஆளு வருவான்டி."

"வரட்டும். நீங்க கட்டாதீங்க. நான் கலவை போட மாட்டேன்."

மறுநாள் காலை கொத்தனார் தானே கலந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுப்பவள் அவள். அந்தக் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. சிமெண்ட் மூட்டையை மொத்தமாகக் கொட்டிக் குழைத்துவிட்டார். அதைப் பார்த்து ரோஷக்காரி என்னிடம் கண்ணைச் சிமிட்டினாள். கை, முகம், கால் கழுவி ஒளு செய்தாள், மேலே ஏறினாள், உபரித் தொழுகைக்குக் கை கட்டி நின்றாள்.

தொழுகிறவளைக் கையைப் பிடித்து இழுக்க முடியுமா? உள்ளே ஆளை வைத்துச் சுவர்தான் எழுப்ப முடியுமா? ஓதினாள், ஓதினாள், ஓதிக்கொண்டே இருந்தாள். ஒரு தொழுகை முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்கினாள். கீழே வெயில் ஏற ஏறக் கலவை இறுகியது. கொத்தனார் கரணையால் தட்டிப் பார்த்தார், 'டங்' என்றது.

"போச்சு" என்றார். அவர் குரலில் எனக்கு வருத்தமே தெரியவில்லை.

செயலாளருக்கு மூக்குக்கு மேல் கோபம். "எத்தனை நேரம் நிப்பா? கால் வலிச்சா இறங்கித்தானே ஆகணும்? இன்னொரு மூட்டை கொண்டு வாங்கய்யா!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கால் வலிக்கும்வரை காத்திருப்பாராம்! தைத்துக்கொண்டிருந்த சட்டையை ஊசியோடு விட்டுவிட்டு எழுந்தேன். ஒளு செய்துகொண்டு படியேறினேன். மேலே அவள் தொழுகையின் கடைசி இருப்பில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அவள் முகம் திருப்பி ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தாள். நான் கை உயர்த்தித் தக்பீர் கட்டி என் தொழுகையைத் தொடங்கினேன்.

புது மூட்டை கீழே தொம்மென்று விழுந்தது. "முடிஞ்சுதா இல்லையா?" என்று செயலாளர் பள்ளிக்குள் வந்து மேலே பார்த்துக் கத்தினார்.

ரோஷக்காரி கல் ஜன்னலில் முகம் வைத்துச் சொன்னாள்: "எனக்கு முடிஞ்சுதுண்ணே. இவ இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கா."