சீனப் படத்தின் முதல் பாதி

காய்கறிக் கொட்டகையை விட்டு ஒரு கிலோமீட்டர் நடந்த பிறகுதான் இடது ஷூவுக்குள் தண்ணீர் போயிருப்பது தெரிந்தது. நிற்கவில்லை. நின்றால் சூப்பர்வைசர் வேனை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து, இரண்டு நல்ல வார்த்தை சொல்லி, திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடுவார். போன முறை அப்படித்தான் ஆயிற்று. ஆக்லாந்துக்குத் தெற்கே இந்த புக்கெகோஹியில் எல்லோரும் காரில்தான் போவார்கள். முதுகில் பையும் கையில் சுருட்டிய போர்வையுமாகத் தூறலில் ஒருவன் நடந்து போனால், வேலையை விட்டவன் என்று வேலிக்குள் நிற்கிற மாட்டுக்குக்கூடத் தெரியும்.

வெங்காயம் தரம் பிரிக்கிற வேலை. வெங்காயத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அது முடிந்து காரட் கழுவுகிற இடத்துக்கு மாற்றினார்கள். இங்கே ஜூலை குளிர்காலம்; அந்தத் தண்ணீரில் எட்டு மணி நேரம் கையை வைத்திருந்தால் விரல் நுனி வெடிக்கும். நல்ல கையுறை கேட்டேன். திங்கட்கிழமை வரும் என்றார்கள். மூன்று திங்கட்கிழமை பார்த்தேன். நாலாவதைப் பார்க்க எனக்கு ஆர்வம் இல்லை. அவ்வளவுதான் கதை.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு விட்டதெல்லாம் வேலைகள். திருப்பூரில் சாயப்பட்டறை, சென்னையில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் லாரி, கோலாலம்பூரில் ஓட்டல் சமையல்கட்டு, பிறகு ஆக்லாந்து. வேலை செய்ய விசா இருந்தது. படுக்கிற இடத்தைத்தான் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை தண்டவாள வேலை என்பதால் ரயிலுக்குப் பதில் பஸ் விட்டிருந்தார்கள். அந்த பஸ், பிறகு இன்னொரு பஸ் என்று ஆக்லாந்துக்குள் மவுண்ட் ஆல்பர்ட் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. அங்கே எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் பழைய மரவீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தார். முன்பு இருவரும் ஒரே பேக்கரியில் மாவு மூட்டை சுமந்தவர்கள். இப்போது அவர் பஸ் டிரைவர். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மட்டும் சினிமா விமர்சகர். தமிழ் இணைய வானொலி ஒன்றில் வாராவாரம் ஒரு மணி நேரம் புதுப் படத்தைப் பற்றி நேரலையில் பேசுவார்.

கதவைத் திறந்தபோது அவர் கையில் வாக்குவம் கிளீனர் இருந்தது.

"வந்திட்டியே? திரும்பவும் வேலையை விட்டிட்டியே?"

"விட்டுட்டேன்ணே."

"நல்லது. சப்பாத்தை வெளியில கழட்டு. இப்பதான் கூட்டினனான்."

சோறும் பருப்பும் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். "இண்டைக்கு இரவு ஹோலில படு. நாளைக்கு ஏலாது. மத்தியானம் மனுசியின்ர அப்பாவும் அம்மாவும் வந்து இறங்குகினம். மூண்டு மாசம் நிப்பினம். வீடு நிறைஞ்சிடும்."

ஆக, எனக்கு நாளை மதியம் வரை நேரம். அதற்குள் ஒரு வேலை, முடிந்தால் ஒரு படுக்கை. ஜூலையில் ஆக்லாந்தில் வெளியே படுக்க முடியாது. ஒரு முறை படுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

"வேலைக்கு ஒரு வழி இருக்கு" என்றார் அண்ணன். "இந்தக் கிழமை தமிழ்ப் படம் ஒண்டும் வரேல்லை. ஒரு சீனப் படம்தான் ஓடுது. அடிதடியும் பகிடியும். நான் போகவெண்டு டிக்கெட்டும் எடுத்திட்டன். மனுசி குளியலறையைக் காட்டி, இதை ஆர் கழுவுறது எண்டு கேட்டா. நீ போ. பாத்திட்டு வந்து ஆறு மணிக்கு என்னோட மைக்கில கதை."

"நானா? விமர்சனத்தைப் பத்தி எனக்கு என்னண்ணே தெரியும்?"

"படம் பாக்கத் தெரியும்தானே. கேள். கடை வைச்சிருக்கிறவை, கொம்பனி வைச்சிருக்கிறவை எல்லாரும் சனிக்கிழமை கேப்பினம். கதைச்சு முடிய நான் சொல்லுவன், இந்தப் பெடியனுக்கு ஒரு வேலை வேணுமெண்டு. அதுக்கு முதல் நீ ஒரு உருப்படியான ஆளெண்டு சனத்துக்குத் தெரியவேணும். விளங்குதே?"

விளங்கியது. இது விமர்சனம் இல்லை, இன்டர்வியூ.

படித்தவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போகச் சொல்லி, போனில் இருந்த ஆங்கில விமர்சனங்களை எனக்குத் தமிழில் சொன்னார். நல்ல பெயர் இல்லை. பத்திரிகையில் இரண்டு நட்சத்திரம். ஹீரோவுக்கு வயதாகிவிட்டதாம், கதையே இல்லையாம், சிரிப்பெல்லாம் பழசாம். இன்னொருவர், ஹீரோ ஒரு பெரிய பீரோவைத் தூக்கிக்கொண்டே சண்டை போடுவது நம்புகிற மாதிரி இல்லை என்று அதைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதியிருந்தார். சீன மாணவர்கள் எழுதுகிற இடத்தில் மட்டும் நாலு நட்சத்திரம். அதுவும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் போட்டது.

கடைசியில் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தார்: கதை, நடிப்பு, சண்டை, முதல் பாதி, இரண்டாம் பாதி, நட்சத்திரம். "இந்த ஓடரிலதான் கதைக்கவேணும். ஆறு வருசமா இதுதான் முறை."

தியேட்டர் நடந்து போகிற தூரத்தில் ஒரு மாலுக்குள் இருந்தது. பாதி நிறைந்திருந்தது. முன் வரிசைகளில் வயதான சீனத் தம்பதிகள், பின்னால் மாணவர்கள், நடுவில் சில வெள்ளைக்காரர்கள், ஓரத்தில் நான். சிரிப்பு மூன்று தவணையாக வந்தது. சீனம் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்தவர்கள் அடுத்து சிரித்தார்கள். நான் எழுத்துக்கூட்டி மூன்றாவது வார்த்தைக்குப் போவதற்குள் அடுத்த வரி வந்துவிடும். பத்து நிமிடத்தில் படிப்பதை விட்டுவிட்டு ஆட்களின் உடம்பை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு எனக்கும் முதல் தவணையிலேயே சிரிப்பு வந்தது.

ஹீரோ வீடு மாற்றிக் கொடுக்கிறவர். ஆறாவது மாடியிலிருந்து கண்ணாடி பதித்த ஒரு மர பீரோவை இறக்க வேண்டும். லிஃப்ட் ஓடவில்லை. பீரோவுக்குள் ஒரு ரவுடி ஒளிந்திருப்பது அவருக்குத் தெரியாது. ரவுடியைத் தேடிக் கத்தியோடு பத்துப் பேர் படியேறி வருகிறார்கள். சண்டை முழுக்கப் படிக்கட்டில்தான். காலால் உதைக்கிறார், தோளால் இடிக்கிறார், தலையால்கூட முட்டுகிறார், பீரோவை மட்டும் கீழே வைக்கவே இல்லை. ஒவ்வொரு இடிக்கும் உள்ளேயிருந்து ரவுடி கத்துகிறான். எனக்கு முன்னால் இருந்த கிழவர் சிரிப்புத் தாங்காமல் மனைவியின் தொடையில் அடித்தார். அந்த அம்மா திருப்பி அடித்தார்.

பிறகு மொட்டை மாடி. பீரோ கயிற்றில் கட்டி வெளியே தொங்குகிறது. கயிற்றின் மறுமுனை ஹீரோ கையில். கயிறு ஒவ்வொரு இழையாக அறுகிறது. ஹீரோ எங்களைப் பார்க்கிறார். திரை இருண்டது.

இடைவேளை.

இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் சீனப் படம் தமிழ் பேசி வரும். படம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நடுவில் வெட்டி இடைவேளை விடுவார்கள். இங்கேயும் தமிழ்ப் படம் போட்டால் இடைவேளை உண்டு, சமோசாகூட உண்டு. கயிறு அறுந்து திரை இருண்டால் எழுந்திரு என்று என் கால்களுக்குத் தெரியும். எழுந்தேன். எழுந்தவன் நான் ஒருவன்தான்.

கழிப்பறைக்குப் போனேன். காகிதக் குவளையில் டீ வாங்கினேன். வேறு யாரும் வெளியே வரவில்லை. என்ன கட்டுப்பாடான சனம், இடைவேளையில்கூட இடத்தை விட்டு எழவில்லையே என்று வியந்தேன். சோபாவில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி ஹீட்டர் பக்கம் வைத்தேன். அண்ணன் கொடுத்த காகிதத்தைப் பார்த்து, முதல் பாதி என்ற வரிக்கு என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. மணி அடித்தால் போகலாம் என்று காத்திருந்தவன், ஹீட்டர் சூட்டில் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்க வேண்டும். மணி அடிக்கவில்லை. கதவுதான் திறந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அந்தக் கிழவரும் அம்மாவும் கை கோத்துக்கொண்டு வந்தார்கள்.

நான் கூட்டத்துக்கு எதிரே உள்ளே போனேன். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் சின்னக் கட்டத்தில் படப்பிடிப்பில் சொதப்பிய காட்சிகள். ஹீரோ பீரோவுக்கு அடியில் மல்லாந்து கிடந்து சிரித்தார். துடைப்பத்தோடு வந்த பெண் ஏதாவது விட்டுவிட்டீர்களா என்று கேட்டாள். பாதிப் படத்தை விட்டிருந்தேன்.

திரும்பி நடக்கும்போது யோசித்தேன். அண்ணனிடம் சொன்னால் என்னை மைக் பக்கம் விடமாட்டார். விடாவிட்டால் வேலை கேட்க முடியாது. தமிழ் விமர்சனங்களில் நான் கேட்டவரை யாரையும் புண்படுத்தாத ஒரு வாக்கியம் இருக்கிறது: இரண்டாம் பாதியில் கொஞ்சம் இழுவை. எந்தப் படத்துக்கும் பொருந்தும். அதையே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வானொலி நிலையம் என்பது அண்ணன் வீட்டில் துணி துவைக்கும் அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் போர்வை தொங்கியது. வாஷிங் மெஷின் மேல் லேப்டாப், மைக். ஆறு மணிக்கு அண்ணன் வேறு ஆளாக மாறினார். குரல் அரை அடி இறங்கியது. "அன்பார்ந்த நேயர்களே" என்றார். நான் ஒரு கூடைமேல் உட்கார்ந்திருந்தேன்.

கதை, நடிப்பு எல்லாம் சமாளித்தேன். சண்டைக்கு வந்ததும் அண்ணன், "பீரோவைத் தூக்கிக்கொண்டு சண்டை பிடிக்கிறது நம்பேலாமல் இருக்கெண்டு விமர்சகர்கள் எழுதியிருக்கினம். உங்கட கருத்து?" என்று கேட்டார். மைக்கில் எனக்கு மரியாதை உண்டு.

"படத்துலயே நம்புற மாதிரி இருந்தது அதுதான்ணே. எழுதினவங்க பீரோ தூக்கினதில்ல. படிக்கட்டுல பாதியில பீரோவை இறக்கி வெச்சா திரும்பத் தூக்க முடியாது. கை நடுங்கும், பிடி கிடைக்காது. கீழ நிக்கிறவன் செத்தான். அதனால எவன் அடிச்சாலும் வைக்கக் கூடாது. அந்த ஹீரோ கீழ்ப் பக்கம் நின்னு, முகத்தைப் படியைப் பாத்து வெச்சுக்கிட்டு, எடையை இடுப்புல வாங்குறாரு. அது நடிப்பில்ல. எங்கேயோ உண்மையா தூக்கியிருக்காரு."

அண்ணனின் புருவம் ஏறியது. "நல்லது. முதல் பாதி?"

"சூப்பர்ணே."

"இரண்டாம் பாதி?"

"கொஞ்சம் இழுவைண்ணே."

போன் ஒலித்தது. அண்ணன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் கிளென் ஈடனிலிருந்து ஒரு பெண். மதுரைப் பக்கத்துப் பேச்சு.

"தம்பி, நேத்துதான் அந்தப் படத்தைப் பாத்தேன். ஒண்ணே முக்கா மணி நேரம் ஒரே மூச்சா ஓடுச்சு. இடைவேளையே இல்லாத படத்துல நீங்க ரெண்டாம் பாதியை எங்கருந்து பாத்தீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாஷிங் மெஷினைப் பார்த்தேன்.

"கயிறு அறுந்ததும் பீரோ என்ன ஆச்சு, சொல்லுங்க பாப்போம்."

நேரலை. ஊரே கேட்கிறது. அண்ணன் மைக்கைக் கையால் மூடி, "சொல்லடா" என்றார். நாளை மதியம் நான் நிற்கப்போகும் பஸ் நிறுத்தம்தான் கண்ணில் வந்தது.

"தெரியலக்கா. திரை இருட்டாச்சு. இடைவேளைன்னு நெனச்சு டீ குடிக்கப் போயிட்டேன். இழுவைன்னு சொன்னது பொய்."

போனில் விசும்பல் மாதிரி ஏதோ கேட்டது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு ஆண் குரலும் சிரித்து, உடனே "ஐயோ" என்றது.

"எங்க வீட்டுக்காரர்" என்றார் அக்கா. "முதுகு பிடிச்சுக்கிட்டுக் கெடக்காரு, சிரிக்கக் கூடாது. தம்பி, நீங்க பீரோவைப் பத்திச் சொன்னீங்களே, அதுவும் பொய்தானா?"

"இல்லக்கா. சென்னையில ரெண்டு வருசம் லாரியில இருந்தேன்."

"ரெண்டு வருசத்துல ஏன் விட்டீங்க? பாதியில எந்திருச்சுப் போற ஆளா?"

"டீக்குத்தான் போனேன்க்கா. திரும்பி உள்ள போனேனே."

"போனப்ப படம் முடிஞ்சு போச்சே!"

அண்ணன் இடையில் புகுந்தார். "அக்கா, பெடியன் வேலை தேடுறான். நல்ல பெடியன். பொய் சொன்னாலும் ரெண்டு நிமிசத்தில பிடிபட்டிடுவான்." எனக்காக அவர் அன்று சொன்ன சிபாரிசு இதுதான்.

"எங்களுக்கு வீடு மாத்துற தொழில்தான்" என்றார் அக்கா. "நாளைக்கு ஒரு வீடு ஏத்தணும், கீழ்ப் பக்கம் புடிக்க ஆளில்ல. காலைல ஏழு மணிக்கு வர்றீங்களா? பின்னாடி ஒரு ரூம் இருக்கு, சாமானா அடைஞ்சு கெடக்கு. ஒதுக்கிட்டீங்கன்னா படுத்துக்கலாம்."

"வர்றேன்க்கா. பீரோ என்னக்கா ஆச்சு?"

"அதைக் காசு குடுத்துப் போய்ப் பாருங்க."

போனை வைத்ததும் அண்ணன் நேயர்களிடம் திரும்பி, இந்த வாரம் நட்சத்திரம் எதுவும் வழங்கப்படவில்லை என்று அறிவித்தார். ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை என்று இரவுச் சாப்பாடு வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறே முக்காலுக்கு கிளென் ஈடனில் இருந்தேன். அன்று காலை தான் ஓட்டும் முதல் பஸ்ஸில் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து அண்ணனே இறக்கிவிட்டுப் போனார். அக்காவுக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது அதிகம். என்னை மேலிருந்து கீழ் பார்த்துவிட்டு, ஒரு ஜோடி தடித்த கையுறையை நீட்டினார். லாரியில் டோங்கா நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். என்னைப் போல இரண்டு பேர் அகலம்.

முதல் சாமான் ஒரு டீப் ஃப்ரீசர். மேல் மாடியில் இருந்தது. வீட்டுக்காரர் அதைக் காலி செய்திருக்கவில்லை. உள்ளே முழுக்க மீன், அவரே பிடித்ததாம், வெளியே எடுத்தால் இளகிவிடுமாம். டோங்காக்காரர் மூடியைத் திறந்து பார்த்து, மூடி, என்னைப் பார்த்தார். பதினான்கு படிகள், நடுவில் ஒரு திருப்பம். எண்ணிவிட்டு நான் கீழ்ப் பக்கம் போய் நின்றேன். அவர் மூன்று வரை எண்ணினார். தூக்கினோம்.