பேசாத தங்கையைத் தேடிக் கூலாய்க்கு

காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குள் வந்தேன். பாலம் ஒரு கிலோமீட்டர்தான். எதிர்த்திசையில் வேலைக்குப் போகிற மோட்டார் சைக்கிள் கூட்டத்தைப் பார்த்தபோது நம் கிண்டி நெரிசலெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

நான் ஊர் சுற்ற வரவில்லை. எண்பதுகளில் 'கோமளா இல்லம்' என்று சென்னையில் ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் என் அம்மா நடித்த ஒரே தொடர் அது. ஊமைத் தங்கை வேடம். அம்மா போய் ஒரு வருடமாகிறது. அவள் நடித்ததை நான் பார்த்ததே இல்லை. சென்னையில் விசாரித்தால், "அந்தக் காலத்துல டேப்பை அழிச்சு அது மேலயே வேற நிகழ்ச்சி எடுத்துடுவாங்க மேடம்" என்று சாவகாசமாகச் சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியைத் தூக்கி அடிக்காதது அவர்கள் செய்த புண்ணியம். தொடர் சிங்கப்பூரிலும் ஒளிபரப்பானதாகப் பிறகு தெரிந்தது. அங்கேயும் பிரதி இல்லை. ஆனால் ஜலசந்திக்கு இந்தப் பக்கம், ஜொகூரிலும் அந்த ஒளிபரப்பு எட்டியிருக்கிறது. இணையத்தில் நான் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, பெர்மாஸ் ஜெயாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய், "நேர்ல வாங்கம்மா, பேசுவோம்" என்று எழுதினார்.

ஒன்பது மணிக்கு அவர் கடையில் நம் பரோட்டா மாதிரி ரொட்டி சானாயும், 'தே தாரிக்' என்கிற நுரை பொங்க ஆற்றிய டீயும் சாப்பிட்டேன். பாயின் வாப்பா இராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து வந்தவராம்.

"அப்போ எங்க ஏரியல் எல்லாம் சிங்கப்பூரப் பாத்துதான் நிக்கும் லா. காத்தடிச்சா திரும்பிக்கும். ஒருத்தர் கூரை மேல ஏறுவாங்க, நாங்க கீழ நின்னு 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னு கத்துவோம்."

"பதிவு எதுவும் இருக்கா பாய்?"

"என்கிட்ட இல்லமா. கூலாய்ல ஃபிலோமினாக்கா இருக்காங்க. ஒரு வாரங்கூட விடாம பதிஞ்சி வச்சாங்க. போன் போட்டுட்டேன். மத்தியானம் சாப்பிட வரச் சொன்னாங்க."

எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். பாவம், கையெல்லாம் மாவு.

லார்க்கின் நிலையத்திலிருந்து கூலாய்க்கு முப்பது கிலோமீட்டர் பேருந்து. சாலையின் இரு பக்கமும் மாறி மாறித் தொழிற்சாலையும் செம்பனைத் தோட்டமும். நான் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அம்மா திரையில் எப்படி இருப்பாள், இரட்டைச் சடையா ஒற்றைச் சடையா என்பதிலேயே வழி கழிந்தது.

பன்னிரண்டரைக்கு வீட்டை அடைந்தேன். ஃபிலோமினா ஆன்ட்டிக்கு எழுபது வயதிருக்கும். அவர் கணவர் அந்தோணி அங்கிள் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மீன் குழம்பு மணத்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு ஆன்ட்டி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தார்.

பாட்டுக் கேட்கிற கேசட்டுகள். வீடியோ ஒன்றுகூட இல்லை.

"ஆன்ட்டி, இதுல படம் இருக்காதே?"

"வீடியோவுக்கு அப்போ ஏதும்மா வசதி? டிவி முன்னால கேசட் ரேடியோவ வச்சிப் பதிவேன். இவருக்கு நைட் ஷிப்டு. காலைல வந்து பசியாறிக்கிட்டே கேப்பாரு."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஊமையாக நடித்தவளை ஒலிநாடாவில் எங்கே தேடுவது? அழுகையை அடக்க முடியவில்லை. ஆன்ட்டி பதறிப்போய், "உங்கம்மா அதுல யாரும்மா?" என்று கேட்டார்.

"ஊமைத் தங்கச்சி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அலமாக்! அந்தப் புள்ளையா!" என்றார் அங்கிள். "மொத வாரம் கேட்டேன், நடுவுல நடுவுல சத்தமே காணோம். டேப்ப கெடுத்துட்டேன்னு இவள ஏசுனேன்."

"சும்மாவா ஏசுனாரு! அந்தப் புள்ள வாயத் தொறக்காது, நான் என்ன பண்றதுன்னேன். அடுத்த வாரத்துலேருந்து அது வந்தா மட்டும் நான் ரேடியோ பக்கத்துல குந்திக்கிட்டு, அது என்ன செய்யுதுன்னு சொல்லுவேன். மத்தவங்கதான் பேசுறாங்களே."

அங்கிள் பழைய டேப் ரெக்கார்டரில் ஒரு கேசட்டைப் போட்டார். யாரோ பேசினார்கள், கதவு சாத்தியது. பிறகு சத்தமில்லை. அந்த இடத்தில் ஓர் இளம்பெண்ணின் கிசுகிசுப்பு:

"தங்கச்சி வந்துட்டா. ஒத்தைச் சடை. அண்ணன் பெட்டியத் தூக்குறாரு. அவ பாக்குறா... இடது புறங்கையால வாயப் பொத்திக்கிட்டா. அழுவுறா... இல்லங்க, சிரிக்கிறா. அவருக்கு அழுகை வந்துடக் கூடாதுன்னு சிரிக்கிறா."

கடைசியாக ஆஸ்பத்திரியில் என்னை வீட்டுக்கு அனுப்பியபோது அம்மா செய்தது அதேதான். அதே இடது புறங்கை. சும்மா சிரிக்கிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன்; நான் அழுதுவிடக் கூடாதென்று சிரித்திருக்கிறாள். அவள் முகத்தை எனக்கு விளங்கவைக்க, அவளை ஒரு நாளும் நேரில் பார்க்காத ஒருத்தி கூலாயில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. தேம்பித் தேம்பி அழுதேன். ஆன்ட்டி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

மாலை நான்கு மணிப் பேருந்துக்குக் கிளம்பினேன். கேசட்டுகளை எல்லாம் என் பையில் அடுக்கிவிட்டு, ஆன்ட்டி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதம்மா. நெசத்துல அவங்களுக்குப் பேச்சு வருமா?"

"ஐயோ ஆன்ட்டி, வாயே ஓயாது! எங்க தெருவுக்கே கேக்கும்."

"அப்படியா! எப்படிப் பேசுவாங்க?"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தேன். காய்கறிக்காரரிடம் அம்மா பேரம் பேசுவதை, என்னைத் திட்டுவதை, ராத்திரி தூங்க வைப்பதை அவள் குரலிலேயே பேசிக் காட்டினேன். ஃபிலோமினா ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பேருந்து போய்விட்டது.